ஆஷுரே வந்த கிண்ணத்தில் ரவா கேசரி வைத்துக் கொடுக்கலாமா?

துருக்கியில் பல வருடமாக இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நாங்கள் இஸ்மிருக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

முஹர்ரம் பத்தாம் நாளை ஒட்டி, மேல்வீட்டுப் பெரியம்மா (இங்கே தெய்ஸே என்பார்கள்) ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆஷுரே என்ற இனிப்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட் எல்லாம் குழைய வெந்து, மேலே மாதுளை முத்தும் வால்நட்டும் தூவியிருந்தது. அவ்வளவு ருசி! பெரிய பானையில் செய்து அக்கம்பக்கம் முழுக்கப் பங்கிடுவார்களாம்.

நம் ஊர் மாதிரியே இங்கேயும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்கிறார்கள். எனக்கு நன்றாக வருவது ரவா கேசரி. ஆனால் இங்கே வீட்டில் யாராவது இறந்தால் ரவையில் இர்மிக் ஹெல்வா கிளறி எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஹோட்டலில் அதையே ஐஸ்கிரீமோடு சாதாரணமாகத்தான் தருகிறார்கள். இருந்தாலும் வயதானவர், மனதில் ஏதாவது பட்டுவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. கேசரி சரியா, இல்லை தேங்காய் பர்ஃபி மாதிரி வேறு ஏதாவது செய்யட்டுமா?

கட்டாயம் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார். போதும் என்றால் டம்ளர் மேல் ஸ்பூனைக் குறுக்கே வைக்க வேண்டும் என்பது தெரியும். பண்டிகையில்தான் பெரியவர்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் வைப்பார்களா, சும்மா போகும்போதும் செய்யலாமா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.