டிஸ்க் இல்லாமல் கேனான் 600டி மென்பொருளை லேப்டாப்பில் ஏற்ற முடியுமா?

ஓலைக்கொட்டான் (பாம்பன்):
வணக்கம். எங்கள் சின்னம்மாவும் தெருவில் இன்னும் நாலு பேரும் பனை ஓலையில் கொட்டான், மூடிப் பெட்டி, பூக்கூடை முடைகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் "நிறம் வேறயா இருக்கே" என்கிறார்கள். அதனால் செகண்ட் ஹேண்டில் கேனான் 600டி வாங்கினேன். குருத்தோலையே வெளிர் நிறம், அதை வெள்ளைச் சார்ட்டில் வைத்து எடுத்தால் வெளிச்சம் கூடிப்போய் முடைந்த கோடே தெரிவதில்லை. கேமராவின் சின்னத் திரையில் அது பிடிபடவும் இல்லை. லேப்டாப்போடு இணைத்துப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்றார்கள். அதற்கு ஈஓஎஸ் யுடிலிட்டி என்ற கேனான் மென்பொருள் வேண்டுமாம்.

விற்றவரிடம் டிஸ்க் இல்லை. நண்பர் ஒருவர் பென்டிரைவில் அதே மென்பொருளைக் கொடுத்தார். அதை ஓட்டினால், ஏற்கெனவே கணினியில் இருக்க வேண்டிய மென்பொருள் இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. விண்டோஸ் 10, 64 பிட். என்ன செய்வது?

தொண்டிக்காரன்:
என்னிடம் அந்த டிஸ்க் இருக்கிறது தம்பி. ராமநாதபுரம் பக்கம் வந்தால் தருகிறேன்.

ஓலைக்கொட்டான்:
ரொம்ப நன்றி அண்ணே. ஆனால் என் லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற இடமே இல்லை!

தொண்டிக்காரன்:
அதுவும் சரிதான். இப்போது எடுத்துப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளி ஓரமெல்லாம் உரிந்திருக்கிறது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு எதுதான் மிஞ்சும்.

கீழக்கரை காக்கா:
தம்பி, உங்கள் நண்பர் கொடுத்தது புதிதாக நேரடியாய் ஏற்றுகிற கோப்பு இல்லை, அப்டேட்டர். பழைய பதிப்பைப் புதுப்பிக்க மட்டும் செய்த கோப்பு. பழையது இருக்கிறதா என்று முதலில் தேடும், இல்லையென்றால் நின்றுவிடும். பழுது எதுவும் இல்லை.

முதல் வழி, கேனானின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து மென்பொருள் பகுதியைப் பாருங்கள். எந்த விண்டோஸ் என்று கேட்கும் இடத்தில் 10 போட்டு ஒன்றும் வரவில்லையென்றால் 8, 7 என்று மாற்றிப் பாருங்கள். பழைய கேமராவுக்கான கோப்புகள் பல நேரம் பழைய விண்டோஸின் கீழேதான் கிடக்கும். சில கோப்புகளுக்கு கேமராவின் சீரியல் எண் கேட்கும். அது கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. டிஸ்க் தொலைந்தாலும் அது தொலையாது, செகண்ட் ஹேண்ட் என்றாலும் கவலை இல்லை. கையேடும் அங்கேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், அதையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து "டிஸ்க் முழுவதும் இலவசம்" என்று கூவுகிற தளங்களுக்குப் போகாதீர்கள். ஒருமுறை என் ஸ்டூடியோ கணினியில் அப்படி ஒன்றை ஏற்றி, கேட்காத மூன்று மென்பொருள் உள்ளே வந்து உட்கார்ந்தது. கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. கல்யாண சீசன் வேறு.

ஓலைக்கொட்டான்:
காக்கா, இங்கே நெட் நத்தை மாதிரி நகர்கிறது. பெரிய கோப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. கையில் இருக்கிற அப்டேட்டரையே ஓட வைக்க வழி உண்டா?

கீழக்கரை காக்கா:
உண்டு, பழைய வித்தை. என் 1100டிக்கு அப்படித்தான் செய்தேன். பழைய மென்பொருள் இருக்கிறதா என்று அந்த அப்டேட்டர் பார்த்தது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், அதாவது என்னென்ன ஏற்றியிருக்கிறது என்று விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேட்டில். அங்கே ஒரு பெயரை மட்டும் உருவாக்கி வைத்தேன், இருக்கிறது என்று நம்பிவிட்டது.

ஸ்டார்ட் மெனுவில் ரெஜெடிட் என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர். உங்களுடையது 64 பிட் என்பதால் அதற்குள் 6432 என்ற எண் வருகிற ஒரு ஃபோல்டர் இருக்கும், 32 பிட் நிரல்கள் தேடுவது அங்கேதான். அதற்குள் கேனான் என்று ஒரு கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டருக்கு அதுதான் பெயர்), கேனானுக்குள் ஈஓஎஸ் யுடிலிட்டி என்று ஒரு கீ உருவாக்குங்கள். ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு இடைவெளி, எழுத்துப் பிழை கூடாது. உள்ளே மதிப்பு எதுவும் எழுத வேண்டாம். மூடிவிட்டு அப்டேட்டரை அட்மினாக ஓட்டுங்கள்.

தேவிபட்டினம் லினக்ஸ்:
இவ்வளவு சுற்ற வேண்டுமா? உபுண்டுவில் என்டாங்கிள் ஏற்றினால் கேமராவை இணைத்துத் திரையில் பார்த்தே எடுக்கலாம். கட்டளையில் செய்ய ஜிபோட்டோ2. கேமராவைச் செருகியதும் ஃபைல் மேனேஜர் அதைப் பிடித்துக்கொள்ளும், முதலில் அன்மவுன்ட் செய்து அதை விடுவியுங்கள். விண்டோஸை விட மனமில்லை என்றால் டிஜிகேம்கன்ட்ரோல் இருக்கிறது. இலவசம், டிஸ்க்கும் வேண்டாம், சீரியல் எண்ணும் வேண்டாம்.

ஓலைக்கொட்டான்:
ரெஜிஸ்ட்ரி வழி பலித்தது காக்கா! முழுவதும் ஏறிவிட்டது. ஆனால் கேமராவைச் செருகி ஆன் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட் ஷூட்டிங் பொத்தான் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. திரும்ப ஏற்றினேன், லேப்டாப்பை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். டிஸ்க்கில் தனியாக டிரைவர் ஏதாவது இருந்திருக்குமோ?

தங்கச்சிமடம் அக்கா:
தம்பி, மென்பொருளை விடுங்கள். கேமராவைச் செருகி ஆன் செய்துவிட்டு, விண்டோஸில் திஸ் பிசியைத் திறந்து பாருங்கள். பென்டிரைவ் மாதிரி கேமரா பெயர் அங்கே வருகிறதா? எந்த மென்பொருளும் ஏற்றாமலேயே அது வர வேண்டும், ஏனென்றால் கேமராவும் கணினியும் பேசுகிற பிடிபி முறை விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே வரவில்லையென்றால் எந்த டிஸ்க் கிடைத்தும் பயனில்லை.

ஓலைக்கொட்டான்:
வரவில்லை அக்கா.

தங்கச்சிமடம் அக்கா:
அப்படியென்றால் கேபிள், இல்லையென்றால் போர்ட். 600டிக்கு மினி யுஎஸ்பி. இப்போது போனில் இருக்கிற எந்த வயரும் பொருந்தாது. உங்களுக்கு இந்த வயர் எங்கே கிடைத்தது?

ஓலைக்கொட்டான்:
வீட்டில் பழைய டார்ச் லைட்டுக்கு சார்ஜ் போடுகிற வயர். கச்சிதமாகப் பொருந்தியதே!

தங்கச்சிமடம் அக்கா:
அதுதான் சங்கதி. சார்ஜ் வயர் சிலவற்றில் கரண்டுக்கான இரண்டு கம்பி மட்டும்தான், டேட்டா கம்பி இருக்காது. பொருந்தும், பேசாது. டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அப்படியே கேமராவின் பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற உலோகப் பின் ஏதாவது பச்சை பூத்திருக்கிறதா என்று. எங்கள் கடையில் இரண்டு கேமராவுக்கு அப்படி ஆனது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷில் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும். ஊசியால் சுரண்டாதீர்கள். வாடைக்காற்று நாட்களில் நான் அந்த மூடியைத் திறந்தே வைப்பதில்லை.

ஓலைக்கொட்டான்:
ராமநாதபுரம் போய் வேறு வயர் வாங்கி வந்தேன். செருகிய உடனே கேமரா பெயர் வந்தது, ஈஓஎஸ் யுடிலிட்டியும் தானாகத் திறந்தது! பின்னிலும் லேசாகப் பச்சை இருந்தது, துடைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். அரை நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. அப்புறம் இருபது படம் எடுத்த பிறகு கார்டைப் பார்த்தால் காலி, பகீரென்றது.

கீழக்கரை காக்கா:
முதலாவது, கேமரா மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் 30 விநாடியில் இருக்கும். வேலை முடிகிற வரை அதை ஆஃபில் வையுங்கள், பேட்டரி தீரும்தான். அந்த எல்பி-இ8 பேட்டரி இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, படங்கள் போகவில்லை, லேப்டாப்பில் பிக்சர்ஸ் ஃபோல்டரில் தேதி போட்ட ஃபோல்டருக்குள் இருக்கும். பிரிஃபரன்ஸில் ரிமோட் ஷூட்டிங் பகுதியில் கேமரா கார்டிலும் சேமிக்கச் சொல்லும் ஒரு டிக் உண்டு. அதைப் போட்டுவிடுங்கள்.

மண்டபம் மேக்:
இடையில் ஒரு கேள்வி. மேக்கில் ஈஓஎஸ் யுடிலிட்டியின் பழைய பதிப்பு திறக்க மாட்டேன் என்கிறதே?

தேவிபட்டினம் லினக்ஸ்:
2019இல் வந்த கேட்டலினாவில் இருந்து மேக்கில் 32 பிட் நிரல்கள் திறக்காது. உங்கள் பதிப்பு அந்த வகையாக இருக்கும். படத்தை இறக்க மட்டும் என்றால் மேக்கிலேயே இருக்கிற இமேஜ் கேப்சர் போதும்.

ஓலைக்கொட்டான்:
படம் எல்லாம் பிக்சர்ஸில் இருந்தது. டிக் போட்டாயிற்று, பவர் ஆஃபையும் மாற்றிவிட்டேன். இன்று கேமரா பார்ப்பதை அப்படியே திரையில் காட்டுகிற லைவ் வியூ போட்டு லேப்டாப்பைச் சின்னம்மா பக்கம் திருப்பி வைத்தேன். வெள்ளைச் சார்ட்டுக்குப் பதில் பழைய நீலச் சேலையை விரித்து, வெளிச்சத்தை ஒரு படி குறைத்ததும் முடைந்த கோடு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த மூடி கோணல், இதை அனுப்பாதே" என்று அந்தப் பெட்டியை எடுத்துப் பிரித்துவிட்டார். நாலு மாதமாக அதே மாதிரி மூடியைத்தான் விற்றுக்கொண்டிருந்தோம்.