ரேடியோ கம்பத்துக்குத் தனி எர்த் போடலாமா? ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

நாகலூர் தோட்டம்:
ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்ட வீட்டு மாடியில் 6 மீட்டர் ஜி.ஐ. குழாய் நட்டு, இணைய இணைப்புக்கான ரேடியோவைப் பொருத்தப் போகிறோம். சில்வர் ஓக் மரங்களைத் தாண்டினால்தான் எதிர்க்குன்றுக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டிலிருந்து 70 மீட்டர் தள்ளியுள்ள விருந்தினர் குடிலுக்கும் கேபிள் இழுக்க வேண்டும். பொருத்த வந்தவர், சுவரோரம் புதிதாக ஓர் எர்த் ராடு அடித்து ரேடியோவை அதில் சேர்க்கலாம், வீட்டு எர்த்தைத் தொடவே கூடாது என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ எர்த்தே வேண்டாம், இடியைக் கூப்பிட்டு உட்கார வைக்காதே என்கிறார். சித்திரை மழைக்குள் முடித்தாக வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

கிளியூர் விடுதி:
பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதைக் கேளுங்கள். என் விடுதிக் கூரையில் ரேடியோ பல கோடைகளாக எர்த் இல்லாமல்தான் நிற்கிறது. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், அவ்வளவுதான். சுவிட்ச் கருகிப்போனதெல்லாம் எர்த் போட்ட வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி நெட்வொர்க்:
எர்த் இடியை இழுப்பதில்லை ஐயா. இரும்புக் குழாய் மரங்களுக்கு மேல் தலை நீட்டியபோதே மின்னலுக்கு இடம் காட்டியாகிவிட்டது. எர்த் இல்லையென்றால் அது கீழே இறங்க வசதியான வழி நெட்வொர்க் கேபிள். நேராக விழவும் வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலே நீளமான கேபிளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் அளவுக்குத்தான் சோதிக்கப்படுகிறது. பிளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் கூரையிலிருந்து வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். அதையும் இடி தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். நீங்கள் சேலத்துக்கு இறங்கிய நாளில் மழை வந்தால் யார் கழற்றுவது?

செவ்வாய்ப்பேட்டை எலெக்ட்ரீஷியன்:
எர்த் வேண்டும், ஆனால் தனி எர்த். பொருத்த வந்தவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கம்பத்தையும் வீட்டையும் சேர்த்தால் மேலே விழுந்தது ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும். நெட்வொர்க் ஆட்களுக்கு ரவுட்டர் தெரியும், எர்த்துக் குழி தெரியாது.

அஸ்தம்பட்டி நெட்வொர்க்:
கணக்குப் போட்டுப் பார்க்கலாம் அண்ணா. உங்கள் தனி ராடின் மின்தடை 20 ஓம் என்று வையுங்கள். மின்னல் 10,000 ஆம்பியர். மின்னலில் இது பெரிய அளவே அல்ல. பெருக்கினால் 2 லட்சம் வோல்ட். அந்த நேரத்தில் கம்பத்து எர்த் 2 லட்சத்தில் நிற்கிறது, வீட்டு எர்த் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் எது? ரேடியோவிலிருந்து, அதற்கு மின்சாரமும் அனுப்பும் அடாப்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிள். நீங்கள் எதைக் காப்பாற்ற நினைத்தீர்களோ அதன் வழியாகவே மின்னல் வீட்டுக்குள் வரும். கிளியூர்க்காரர் கருகிப் பார்த்த வீடுகளில் இப்படித் தனி ராடு இருந்ததா என்று விசாரிப்பது நல்லது.

இரண்டு எர்த்தையும் 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியால் இணைத்துவிட்டால் வீடு மொத்தத்தின் வோல்ட்டும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 மின்னல் பாதுகாப்புத் தரநிலையும் இந்த இணைப்பைத்தான் கேட்கிறது. கம்பி குட்டையாகவும் நேராகவும் போக வேண்டும். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி தூண்டம் உண்டு, அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதைக் கம்பியே எதிர்க்கும். மின்னலின் வேகத்துக்கு அந்த ஒரு மீட்டரிலேயே ஆயிரக்கணக்கில் வோல்ட் நிற்கும். மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஃபிரிட்ஜுக்காக மீட்டர் பெட்டியில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள், திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி அது. கேபிளுக்கு ரேடியோ அருகில் ஒன்று, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று.

செவ்வாய்ப்பேட்டை எலெக்ட்ரீஷியன்:
பெருக்கல் சரி. அந்த 20 ஓமை ஏற்காட்டில் எங்கே போய் வாங்குவீர்கள்? சேர்வராயன் மலையில் பல இடங்களில் கொஞ்சம் மண்ணுக்குக் கீழே சார்னோகைட் பாறை. ராடு பாதி இறங்கியதும் சம்மட்டி துள்ளித் திரும்பும். மீதியை அறுத்துப் போட்டுவிட்டு முழு ராடுக்கும் பில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாகலூர்க்காரர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நான் செய்வதாக இருந்தால் ராடே வேண்டாம். காபி வரிசைக்கு நடுவே அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, ஜி.ஐ. பட்டையை நீளமாகப் படுக்க வைத்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் போட்டு மூடுவேன். கரியும் உப்பும் கொட்டினால் உப்பு மழையில் கரைந்து போகும். இருக்கும் வரை பட்டையை அரிக்கும்.

அஸ்தம்பட்டி நெட்வொர்க்:
படுக்கைப் பட்டை அந்த மண்ணுக்கு ராடைவிடப் பொருத்தம்தான், ஏற்றுக்கொள்கிறேன். இணைப்பு விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டேன். ஓம் கூடினால் வோல்ட்டும் கூடும். எர்த் மோசமான இடத்தில்தான் இணைப்பு இன்னும் அவசியம்.

குடிலுக்குச் செம்பே வேண்டாம். 70 மீட்டர் என்பது ஈதர்நெட்டின் 100 மீட்டர் எல்லைக்குள் அடங்கும், ஆனால் அங்கே வேறு எர்த். ஃபைபர் போடுங்கள், கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் சில டிராப் ஃபைபர்களில் (வீடுகளுக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்) பக்கவாட்டில் எஃகுக் கம்பி ஒன்று ஓடும். அதை உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்ட பயன் போய்விடும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கூரைக் கேபிள் கறுப்புப் பாலிஎதிலீன் உறையுடன் இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த மழைநீர் உறைக்குள்ளேயே இறங்கி, கீழே பிளக்கில் சொட்டும். பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதுதான் காரணம். சுவருக்குள் நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், நீர் வெளியிலேயே சொட்டிவிடும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை மலிவு என்று தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். மின்தடை அதிகம், ரேடியோவுக்கு மேலே போய்ச் சேரும் வோல்ட் குறைந்துவிடும்.

கிளியூர் விடுதி:
இவ்வளவு செலவுக்கு இரண்டு ரேடியோ கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

அஸ்தம்பட்டி நெட்வொர்க்:
கேபிளின் மறுமுனையில் உங்கள் விருந்தினர் மடிக்கணினி இருக்கிறதே ஐயா. அதற்கும் அலமாரியில் மாற்று வைத்திருக்கிறீர்களா?

செவ்வாய்ப்பேட்டை எலெக்ட்ரீஷியன்:
இணைக்கிறீர்கள் என்றால் முதலில் வீட்டின் பழைய எர்த்தை அளந்து பாருங்கள். மலைத் தோட்ட வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து எப்போதோ அறுந்திருக்கும். அறுந்ததோடு இணைத்து என்ன பயன்?

நாகலூர் தோட்டம்:
பட்டையும் இணைப்பும் என்று முடிவு செய்துவிட்டேன். குடிலுக்கு ஃபைபர். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் வெட்ட ஆள் வருகிறது. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் எர்த் மீட்டரோடு மலையேற முடியுமா? கூலியைத் தனிச் செய்தியில் பேசிக்கொள்ளலாம்.