ஊர் திரும்பும் பணிப்பெண்ணுக்குச் சால்வை பின்ன விரும்புகிறேன்: எந்த நூல், என்ன அளவு?

கேள்வி: தெம்பனிஸ் மருமகள்

வணக்கம். படுத்த படுக்கையாக இருந்த என் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட எங்கள் இல்லப் பணிப்பெண், ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதங்களில் இந்தோனேசியாவுக்குத் திரும்புகிறார். அவருக்குச் சேர வேண்டிய சம்பளம், விமானச் சீட்டு, அன்பளிப்புத் தொகை ஆகியவற்றில் குறை வைக்கப்போவதில்லை. ஆனால், நள்ளிரவில் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டு, அவர் கண்ணயரும்வரை கட்டிலோரத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்குக் கடையில் வாங்கிய கைப்பையைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. சமூக மன்ற வகுப்பில் பின்னல் கற்றிருக்கிறேன். நிட், பர்ல் என்னும் அடிப்படைக் கண்ணிகள் (ஊசியில் போடும் நூல் வளையங்கள்) இரண்டும் போடத் தெரியும், அதற்கு மேல் பழக்கமில்லை. சால்வை சரியாக இருக்குமா? பருத்தி நூலா, கம்பளி நூலா?

மறுமொழி: பிடோக் வாசகி

நம் சிங்கப்பூர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கம்பளி ஆகாது என்பதால், நான் எப்போதும் பருத்தியையோ மூங்கில் இழை நூலையோதான் எடுப்பேன். ஆனால் பருத்திக்கு இழுபட்டு மீளும் தன்மை குறைவு. பெரிய சால்வையாகப் பின்னினால் தன் எடையாலேயே நீளமாகத் தொங்கிவிடும். அவர் இந்தோனேசியாவில் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்று சொன்னால் நல்லது.

மறுமொழி: தெம்பனிஸ் மருமகள்

மத்திய ஜாவாவில் வோனோசோபோவுக்கு மேலே, டியெங் என்னும் மலைப்பகுதி. குடும்பத்தார் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள்.

மறுமொழி: ஈசூன் பின்னல்காரர்

அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், கம்பளிதான். டியெங் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சில விடியற்காலைகளில் அங்கே உருளைக்கிழங்குச் செடிகள்மீது உறைபனி படிவதுண்டு. பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உடம்போடு குளிர்ந்து ஒட்டும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது.

இரண்டு மாதங்களில் முழுச் சால்வை என்பது புதியவருக்குப் பெரிய வேலை என்பதால், 30 சென்டிமீட்டர் அகலமும் 160 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கழுத்துத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். டி.கே. என்று குறித்திருக்கும், நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய நூல், 4 மில்லிமீட்டர் ஊசி. எல்லா வரிசைகளையும் நிட் கண்ணியாகவே போடும் கார்ட்டர் பின்னல் போதும். நிட் வரிசையும் பர்ல் வரிசையும் மாறி மாறிப் போடும் ஸ்டாக்கினெட் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் ஓரங்கள் சுருண்டுகொள்ளும், கழுத்துத் துண்டுக்கு அது பெரும் தொல்லை. முதலில் 30 கண்ணிகளில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி, நடுவில் அளவுகோல் வைத்து எண்ணிப் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் வந்தால் 66 கண்ணிகளில் தொடங்கலாம். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வரிசைகள் பின்னினால் நேரத்துக்கு முடிந்துவிடும்.

நூல் 300 கிராம் அளவுக்குத் தேவைப்படும். சைனாடவுன் பீப்பள்ஸ் பார்க் சென்டரில் நூல் வாங்கலாம். எல்லாக் கண்டுகளையும் ஒரே நாளில் வாங்கி, அட்டைத் தாளில் உள்ள சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறப் பெயர் இருந்தாலும், வேறு தொகுதியில் சாயமேற்றிய நூல் பின்னிய பிறகு பட்டையாகத் தனித்துத் தெரியும். நம் கை வியர்வைக்கு மூங்கில் ஊசியில் நூல் நகர மறுக்கும், ஆகவே உலோக ஊசியே மேல்.

மறுமொழி: ஜூரோங் பாட்டி

மேலே சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் நான் மாற்றுவேன். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துப் போய்விடும். அந்த வீட்டில் யார், எப்படித் துவைப்பார்கள் என்று நாம் இங்கிருந்து சொல்ல முடியாது. பரிசைப் பெறுகிறவருக்கு அதைப் பாதுகாப்பதே ஒரு வேலையாகிவிடக் கூடாது. ஆகவே துவைத்தாலும் எளிதில் சுருங்காதபடி பதப்படுத்திய, 'சூப்பர்வாஷ்' என்று அச்சிட்ட மெரினோ என்னும் மென்கம்பளியையோ கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூலையோ வாங்குங்கள். அக்ரிலிக் கலந்திருந்தால் இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைக்க வேண்டாம், பின்னல் உயிரற்றுத் துவண்டுவிடும்.

அவர் தூடோங் (முஸ்லிம் பெண்கள் அணியும் தலைத்துணி) அணிபவரானால் கழுத்தில் ஏற்கெனவே துணி இருக்கும். எனவே துண்டு தளர்வாகச் சுற்றுமளவுக்கு மெத்தென்று இருக்கட்டும், சொரசொரப்பான நூல் துணியில் சிக்கி இழுக்கும். அவருடைய தூடோங்குகளின் நிறத்தைக் கவனித்து அதற்கு இசைவாக எடுத்தால், பெட்டியில் கிடக்காமல் தோளில் கிடக்கும்.

நூல் முனைகளைக் குட்டையாக வெட்டாமல், ஒவ்வொன்றையும் ஒரு விரல் நீளத்துக்காவது பின்னலுக்குள் செலுத்தி மறையுங்கள். முடித்ததும் குளிர்ந்த நீரில் அலசி, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, தரையில் தட்டையாக விரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். மூங்கில் கழியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். விமான நிலையத்தில் கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். அவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே கொடுத்துவிட்டால், அதைச் சரக்கோடு அனுப்புவதா, தரையிறங்கியதும் போர்த்திக்கொள்ளக் கையில் வைத்துக்கொள்வதா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.