முரசுமோட்டைக்கு இரண்டு சோடிச் சப்பாத்து

முரசுமோட்டை அக்கா, இரவு 7.42
எல்லோரும் சாப்பிட்டீர்களா? ஒரு விசயம் கேட்க வேண்டும், இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டேன். பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் 8 நாள்தான். பெரியவனின் சப்பாத்து முன்பக்கம் பிளந்துவிட்டது, நடுவிலாள் இந்தமுறை தரம் 1, அவளுக்கு எல்லாமே புதிதாக வேண்டும், கையில் இருந்தது முழுக்கப் பசளைக்கும் மருந்தடிக்கவும் போய்விட்டது, நெல் வெட்டு தை கடைசியில்தான். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கிழமைக் கடன் தருகிறோம் என்று இன்றைக்கும் ஒருவர் படலையில் நின்று கதைத்துவிட்டுப் போனார். எடுக்கட்டா?

முள்ளியவளைச் சின்னம்மா, 7.44
எடுக்காதே பிள்ளை.

முள்ளியவளைச் சின்னம்மா, 7.44
பொறு, மாட்டைக் கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

பரந்தன் தம்பி, 7.51
எவ்வளவு தருவார்களாம் அக்கா?

முரசுமோட்டை அக்கா, 7.53
50,000. வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆளுக்காள் பிணை நின்றால் போதுமாம். அத்தான் உன் விருப்பம் என்கிறார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை, பாவம்.

முள்ளியவளைச் சின்னம்மா, 8.10
இப்போது கேள். நானும் இப்படித்தான் எடுத்தேன், வீட்டுக் கூரைக்கு. முதல் நாலு கிழமை சுகமாகப் போனது. பிறகு மழை பிடித்துவிட்டது, கூலி வேலை இல்லை, கடன் கட்டுகிற செவ்வாய்க்கிழமை விடிந்தாலே வயிற்றுக்குள் ஒரு நடுக்கம். நான் கட்டாத கிழமை மற்றப் பெண்கள் என் பங்கைப் போட வேண்டி வந்தது, அதற்குப் பிறகு கிணற்றடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதை அடைக்க இன்னொன்று எடுத்தேன், கடைசியில் காதுத் தோடும் போனது. உங்கள் சித்தப்பாவுக்கே அப்போது முழுக்கச் சொல்லவில்லை.

முள்ளியவளைச் சின்னம்மா, 8.13
கடன் எடுப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. விதைப்புக்கு எடுத்தால் நெல் வரும், அடைக்கலாம். சப்பாத்து எதைத் திருப்பித் தரும்? வயல் செய்கிறவர்களுக்குக் கிழமைக்குக் கிழமை காசு எங்கிருந்து வரும், எங்களுக்கு வருசத்தில் இரண்டு தரம்தான் காசு, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் செய்ய முடியாவிட்டால் அதுவும் ஒருதரம். கிழமைக் கடன் சம்பளக்காரருக்கே கஷ்டம்.

வவுனியாத் தங்கச்சி, 8.20
அக்கா, முதலில் என்ன என்ன வேண்டும் என்று பார்ப்போம், 50,000 தேவையே இல்லை. பாடப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் தருவார்கள், சீருடைத் துணியும் தருவார்கள். நடுவிலாளுக்கு என் மகளின் புத்தகப் பை இருக்கிறது, சிப் ஒன்றுதான் மாற்ற வேண்டும். 2025 இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொப்பி பேனைக்கென்று ஆளுக்கு 6000 கொடுத்தார்கள்தானே, இந்தமுறையும் உண்டா என்று பள்ளிக்கூடத்தில் போய்க் கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

முரசுமோட்டை அக்கா, 8.24
கேட்கிறேன். அஸ்வெசும எங்களுக்கு 10,000 வருகிறது, வந்த அன்றே கடைக் கடன் கொப்பிக்குப் போய்விடும். அரிசி வீட்டில் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. பால்மாதான் ஆளை விழுத்துகிறது. 400 கிராம் பெட்டி ஆயிரத்தைச் சுற்றி நிற்கிறது, மூன்று பிள்ளைக்கும் ஒரு கிழமைக்குக் காணாது. நேற்றுப் பையைக் கத்தரியால் வெட்டிப் பிரித்து, மூலையில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிக் கரைத்துக் கொடுத்தேன். சின்னன் ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மா இது தண்ணி என்கிறான். இரண்டரை வயது.

முரசுமோட்டை அக்கா, 8.27
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்னனின் நிறை ஏறவில்லை, கிளினிக் அட்டையில் கோடு மூன்று மாதமாகப் படுத்தபடி இருக்கிறது. அவனுக்கென்று திரிபோசாச் சத்துமா தருகிறார்கள். நான் உருண்டை பிடித்தால் மற்ற இரண்டும் பக்கத்தில் வந்து நிற்கும், அவர்களைத் தள்ளிவிட்டு அவனுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்கிறேன். மிட்வைப் அம்மா கேட்டபோது அவன்தான் சாப்பிடுகிறான் என்று பொய் சொன்னேன்.

வவுனியாத் தங்கச்சி, 8.31
அழாதீர்கள் அக்கா. எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் அடுத்தமுறை மிட்வைப் அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிறை ஏன் ஏறவில்லை என்று அவர் வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்.

வவுனியாத் தங்கச்சி, 8.36
முன்பள்ளியில் நான் தினமும் பார்க்கிறேன், பால்மா கரைத்துக் குடித்துவிட்டு வருகிற பிள்ளை பத்து மணிக்குச் சோற்றைத் தொடாது, வயிறு தண்ணீரால் நிரம்பியிருக்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் முக்கியம், பால்மா கட்டாயம் இல்லை. அந்த ஆயிரத்துக்கு முட்டையும் பருப்பும் நெத்தலியும் வாங்கலாம். நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக் கழுவிக் காயவைத்து, வறுத்து இடித்துப் போத்தலில் போட்டு வையுங்கள், முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் விட்ட பருப்புக்குள் ஒரு கரண்டி போட்டுக் குழைத்தால் சின்னன் தெரியாமலே சாப்பிடுவான். மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் குரக்கன் மாவும் பயறும் வறுத்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துத் தனியாக உருண்டை பிடியுங்கள். அப்போது அவனுடையது அவனுக்கே கிடைக்கும், ஒருவரையும் தள்ளிவிட வேண்டியதில்லை.

முள்ளியவளைச் சின்னம்மா, 8.40
பயறும் குரக்கனும் நான் தருகிறேன். முட்டையிடுகிற கோழி இரண்டும். நாளைக்குப் பரந்தன் போகிற காலை பஸ்ஸில் கொண்டக்டர் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், முரசுமோட்டையில் இறக்கச் சொல்கிறேன். கோழியைக் கூடையில் கட்டித்தான் விடுவேன், நீ ரோட்டில் வந்து நில்.

முரசுமோட்டை அக்கா, 8.41
உங்களுக்கே இல்லாத நேரத்தில் ஏன் சின்னம்மா.

முள்ளியவளைச் சின்னம்மா, 8.42
என்னிடம் ஒன்பது கோழி நிற்கிறது. கதையை விடு.

பரந்தன் தம்பி, 8.55
அக்கா, சப்பாத்து இரண்டு சோடியும் என் பொறுப்பு. எனக்குச் சம்பளம் வந்துவிட்டது. கொப்பிக்கும் சட்டை தைக்கிற கூலிக்கும் எவ்வளவு குறைகிறதோ அதையும் தருகிறேன், நெல் விற்றதும் தாருங்கள், அதற்கு முதல் கேட்கவே மாட்டேன். அந்த ஆள் திரும்பி வந்தால் வேண்டாம் என்று அத்தானையே சொல்லச் சொல்லுங்கள்.

பரந்தன் தம்பி, 8.56
கால் அளவு வேண்டும்.

முரசுமோட்டை அக்கா, 9.08
ஈர்க்கில் முறித்து வைத்திருக்கிறேன். பெரியவனைச் சீமெந்து நிலத்தில் நிற்க வைத்துக் குதிக்காலிலிருந்து பெருவிரல் நுனி வரை பிடித்து, மேலே ஒரு விரல் அகலம் விட்டு முறித்தேன். இந்த வருசம் முழுக்கப் போட வேண்டும். போன முறை அளவாக வாங்கி ஆறு மாதத்தில் விரல் மடங்கிவிட்டது, அவன் ஒரு நாளும் சொல்லவில்லை, நகம் கறுத்த பிறகுதான் கண்டேன்.

பரந்தன் தம்பி, 9.10
இரண்டு விரல் விடுங்கள். முன்னுக்குப் பஞ்சு வைக்கலாம். நடுவிலாளுக்கும் முறித்தீர்களா?

முரசுமோட்டை அக்கா, 9.15
அவள் நித்திரை. நித்திரையிலேயே காலைப் பிடித்து அளந்தேன், சிரிக்கிறாள். அவளுடைய ஈர்க்கில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், கடையில் மாறிப் போகாமல்.

பரந்தன் தம்பி, 9.16
சரி. காலையில் வேலைக்குப் போக முதல் வந்து எடுக்கிறேன், தேத்தண்ணி மட்டும் வையுங்கள், வெறும் தேத்தண்ணி.