பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினால் எஸ்எஸ்டி பூட் ஆகவில்லை

நண்பர்களே, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போட்டபோது பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டதுதான் தப்பு. அதில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே (கணினி துவங்க வேண்டிய ஃபைல்கள் இருக்கும் சிறு பகுதி) பூட் ஃபைல்கள் போய் உட்கார்ந்துவிட்டன. அதைக் கழற்றினால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது.

எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன் முறை ஜிபிடிதான். டிஸ்க்பார்ட் கட்டளையில் சி டிரைவை 300 எம்பி சுருக்கி, 260 எம்பிக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, 'எஸ்' என்று டிரைவ் எழுத்தும் கொடுத்தாயிற்று. பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கட்டளை மட்டும் அவற்றை நகலெடுக்க முடியவில்லை என்று நிற்கிறது. ரிக்கவரி பென்டிரைவில் பூட் செய்தால் டிரைவ் எழுத்துகள் மாறிவிடலாம் (பலர் சறுக்குவது இங்கேதான்); விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுத்தேன்.

பென்டிரைவ் லெகசி (பழைய பயாஸ்) முறையில் பூட் ஆனால் இப்படி வருமா? மறுபடி இன்ஸ்டால் செய்யாமல் தீர்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.