எதனோல் கலந்த பயோடீசலில் ஜெனரேட்டர் ஓட்டியவர்களின் அனுபவம்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உப்புவெளியில் டீசலுக்குக் கானோடு வரிசையில் நின்றோம். அப்போதுதான் எங்கள் விடுதியின் 15 கேவிஏ ஜெனரேட்டருக்காக, பொரித்து மிஞ்சிய தேங்காய் எண்ணெயில் பயோடீசல் காய்ச்சத் தொடங்கினேன்.

டீசலோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்து ஓட்டியதில் பெரிய குறை இல்லை. முதல் கிழமையே ஃபில்டர் அடைத்தது. தாங்கியில் படிந்திருந்த பழைய அழுக்கை பயோடீசல் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. மாற்றினேன், சரியாகிவிட்டது.

பத்து வீதம் எதனோலும் (சாராயத்தில் இருக்கும் மதுசாரம்) சேர்த்த பிறகுதான் விஷயம் மாறியது. காலையில் ஸ்டார்ட் எடுக்கவே அடம்பிடித்தது. சுமை ஏற்றாமல் ஓடும்போது 'டக் டக்' என்று தட்டியது. எஞ்சினுக்குள் எரிபொருள் எவ்வளவு விரைவாகத் தானே பற்றும் என்பதைக் காட்டுவது சீட்டேன் எண். டீசலுக்கு அது 50க்குக் கிட்ட, எதனோலுக்கு வெறும் 8 அளவுதான். அதனால் கலவை தாமதித்துப் பற்றி, பற்றியதும் ஒரேயடியாக எரிகிறது. எஞ்சின் சூடாகிச் சுமையும் ஏறியதும் தட்டல் குறைந்தது. புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன். முன்பு கறுத்துவிடும் துணி இலேசான சாம்பல் நிறத்தோடு வந்தது. எதனோலின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒட்சிசன், அதனால் கரி குறைகிறது. ஆனால் வலுவும் குறைகிறது: டீசலில் கிலோவுக்கு 43 மெகாயூல், எதனோலில் 27தான். குளிரறைக் கம்பிரசர் பிடிக்கும் நேரம் மின்னின் அதிர்வெண்ணைக் காட்டும் மீட்டர் முள் 50 ஹேர்ட்ஸிலிருந்து சரிந்தால், ஏறி வர முன்னைவிட நேரமெடுத்தது.

என்னைப் பயப்படுத்தியது வேறு. கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் கலவையை மூடியை இறுக்காமல் வைத்திருந்தேன். மாரிகாலம். சில கிழமைகளில் நடுவே கோடு கீறியதுபோல இரண்டு படையாகப் பிரிந்து நின்றது. காற்றின் ஈரத்தை எதனோல் இழுத்திருக்கிறது. தாங்கிக்குள்ளும் இப்படிப் பிரிந்தால் பம்ப் ஒரு நேரம் எதனோல் படையை மட்டும் இழுக்கும். அதில் மசகு இல்லை, இன்ஜெக்டர் பம்ப் தேய்ந்துவிடும். அன்றே தாங்கியை வடித்துவிட்டேன்.

மூதூரிலிருந்து ஒருவரின் பதில்:

அண்ணன், எங்கள் மீன்வாடியில் கலவைத் தாங்கி எஞ்சினுக்கு மேலேயே இருந்தது. மத்தியான வெயிலில் எஞ்சின் இருமி இருமி நின்றது. கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டரைப் பார்த்தால் உள்ளே குமிழி. எதனோல் 78 பாகையிலேயே கொதிக்கும், சூடான குழாயில் சும்மா இருக்குமா? இன்னொன்றையும் எல்லோரும் மனதில் வையுங்கள். டீசலை 50 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் அதன் ஆவி பொறியில் பற்றும். எதனோல் 13 பாகையிலேயே பற்றும். நம் ஊர் எந்த நாளில் 13 பாகைக்கு இறங்கியது? எங்கள் ஆள் ஒருவர் பக்கத்திலேயே பீடி பற்றவைக்கப் போனார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

உப்புவெளியிலிருந்து மீண்டும்:

தம்பி, தாங்கியை முதலில் எஞ்சின் அறைக்கு வெளியே மாற்றுங்கள். மதுசாரம் கலக்கத்தான் வேண்டும் என்றால் எதனோலைவிட பியூட்டனோல் என்ற இன்னொரு மதுசாரம் மேல். டீசலோடு நன்றாகச் சேரும், ஈரத்தையும் இவ்வளவு இழுக்காது. நான் இப்போது வெறும் பயோடீசல் கலவையோடு நிற்கிறேன்.