நெகோஷியேஷன் வண்டி (பணயம் பிடிச்சவன்கிட்டயோ, உள்ள பூட்டிக்கிட்டவன்கிட்டயோ போலீஸ் உக்காந்து ஃபோன்ல பேசற வண்டி) கட்டினவங்க, உள்ள உக்காந்தவங்க: உங்க அனுபவத்த போடுங்க

ஒஹாயோ_ஃபேப்ரிகேட்டர்

ரெண்டு வருஷம் ஆச்சு, மண்டைய விட்டுப் போகல, அதான் எழுதறேன். ஃப்ரெய்ட்லைனர் எம்டி45 சேசிஸ்ல பாடி, நடுவுல தடுப்பு, பின்னாடி சின்ன ரூம்ல பேசறவரும், பக்கத்துல இருந்து அவருக்கு எடுத்துக் குடுக்கற கோச்சும், முன்னாடி மத்த டீம், எல்லாம் வழக்கமான லேஅவுட்தான். சுவர் பூரா சத்தத்த தடுக்கற மாஸ் லோடட் வினைல் ஷீட், அதுமேல ஃபோம், மூணு வாரம் எனக்கு அதே வேலை, கையெல்லாம் பசை. டெலிவரிக்கு முந்தின நாள் ஷெரிஃப் ஆஃபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, இருவது வருஷத்துக்கு மேல நெகோஷியேட்டரா இருந்தவங்களாம். நாங்க ஆசையா செஞ்சு வெச்ச மாஸ்ட் கேமராவ ஏறெடுத்தும் பாக்கல. த்ரோ ஃபோன் பெட்டிய (உள்ள இருக்கறவன் பேசறதுக்கு நாம அனுப்பற ஃபோன்) ஒரு ஆள்கிட்ட குடுத்து பார்க்கிங் லாட் கோடிக்கு அனுப்பிட்டு, ஹெட்செட் மாட்டி கண்ண மூடிக்கிட்டாங்க. "எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, நெஜமா கால் போற மாதிரி நடமாடுங்க"ன்னாங்க. நான் செஞ்சது ஒண்ணுதான், அந்த ஸ்லைடிங் டோர திறந்து மூடினேன். டக்.

கண்ண தொறக்காமயே சொன்னாங்க, "இப்ப யாரு உள்ள வந்தான்னு அவன் கேப்பான். நான் தனியாதான் பேசறேன்னு அவன்கிட்ட சொல்லி அரை மணி ஆச்சு."

மூணு வாரம் ஃபோம் ஒட்டினவனுக்கு எட்டு டாலர் லாட்ச் கண்ணுல படல பாருங்க.

வயரிங்_குமார்

அண்ணே உங்களுக்காவது டக்கு, எனக்கு ம்ம்ம்ம்னு ஒரே ஹம், சுத்தமான 60 ஹெர்ட்ஸ். ஷோர் பவர்ல, அதாவது வெளி கரன்ட்ல சொருகி இருக்கறப்ப வராது, ஜெனரேட்டர்ல மாத்தினா வரும், ரெண்டு நாள் தூக்கம் போச்சு. ரெக்கார்டர் ரேக்கும் ஃபோன் கன்சோலும் வேற வேற எடத்துல எர்த் ஆகியிருந்துச்சு, கிரவுண்ட் லூப், ஆடியோ லைன்ல ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டதும் போச்சு. அதில்ல விஷயம். டெஸ்ட்ல கெட்டவனா நடிச்ச ட்ரெய்னி போலீஸ் ஒருத்தன், நல்லா கத்திக்கிட்டு இருந்தவன், திடீர்னு நிறுத்தி "என்ன சார் கிச்சன்லேர்ந்தா பேசறீங்க, ஃப்ரிட்ஜ் சத்தம் கேக்குது"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. கோச் மட்டும் சிரிக்கல, நோட்ல எதையோ எழுதிக்கிட்டார். என்ன எழுதினார்னு இன்னிக்கும் யோசிக்கறேன்.

சும்மா_சொல்றேன்

எனக்கு ஒரு கேள்வி. இவ்வளவு காசு கொட்டி பஸ் மாதிரி ஒண்ணு எதுக்கு? 1973 ஜனவரில ப்ரூக்ளின்ல ஸ்போர்ட்ஸ் கடைக்குள்ள துப்பாக்கியோட நாலு பேரு, 47 மணி நேரம், என்ன வண்டி இருந்துச்சு? ஹார்வி ஷ்லாஸ்பெர்க், ஃப்ராங்க் போல்ஸ்னு போலீஸ்காரங்க எல்லாம் சேந்து நியூயார்க்ல நெகோஷியேஷன் டீம் ஆரம்பிச்சதே அந்த வருஷந்தான், பொறுமையா பேசிப் பேசியே ஆளுங்கள வெளிய எடுக்கலாம்னு காட்டினாங்க. நான் பாத்தது ஒரு பழைய மினி வேன், மடக்கு மேஜை, ஒரு செல்ஃபோன். முடிஞ்சிடுச்சு. த்ரோ ஃபோன்லாம் மியூசியத்துக்கு அனுப்புங்கப்பா.

வயரிங்_குமார்

ப்ரூக்ளின் கதைய பாதிலயே விட்டுட்டீங்க தலைவா, அந்தக் கடை ஓனர்தான் பணயமா இருந்தவங்கள மாடி வழியா தப்பிக்க வெச்சாரு. செல்லுல பேசினா அவன் ஃப்ரெண்டு, நியூஸ் சேனல், மாமியார் எல்லாரும் கூப்பிடுவாங்க. த்ரோ ஃபோன்ல ஒரே லைன், அந்தப் பக்கம் எடுத்தா நம்ம ஆள்தான். பெட்டிக்குள்ள மைக் வேற இருக்கும்.

மலர்_அக்கா

நான் கட்டறவ இல்ல, உக்காந்தவ. ஊர் பேரு வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு ஃபோன், தமிழ் பேசற ஒரு ஆள் வீட்ட பூட்டிக்கிட்டு வெளிய வர மாட்டேங்கறார், இங்கிலீஷ்ல பேசினா வெச்சிடறார், நீங்க வர முடியுமான்னு. போனேன். உள்ள ரெண்டு நாற்காலி, ரெண்டு ஹெட்செட் சொருகற ஓட்டை. மூணாவதா ஒரு ஆள் வருவான்னு அந்த வண்டிய வரைஞ்சவங்களுக்கு தோணவே இல்ல. ஐஸ் பாக்ஸ் மேல உக்காந்தேன், கோச் எழுந்துக்கிட்டார், மெயினா பேசறவரும் நானும் ஒரே ஹெட்செட்ட ஆளுக்கு ஒரு காதா பிடிச்சுக்கிட்டோம். அவர் ஷேவிங் லோஷன் வாசனை கூட ஞாபகம் இருக்கு.

அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நீங்க எந்த ஊரு?" பதில் சொல்லலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. கோச்சுக்கு என்னமோ கேட்டுட்டான்னு மட்டும் புரிஞ்சுது, எழுதிக் காட்ட எனக்கு இடமில்ல, வைட்போர்டு என் முதுகுக்குப் பின்னாடி. மார்க்கர எட்டி எடுத்து அவர் பேடுலயே எழுதினேன், அவர் தலையாட்டினதும் "திருச்சி பக்கம்"னேன். நாலஞ்சு செகண்டுதான் இருக்கும். அதுக்குள்ள அவன் "ஹலோ, ஹலோ, அக்கா போயிட்டீங்களா"ன்னான். அந்தக் குரல்தான்.

விடியறதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டான், நல்லா இருக்கான். தயவுசெஞ்சு மூணாவது நாற்காலியும் மூணாவது ஓட்டையும் வைங்க.

ஃப்ளீட்_பெரியவர்

மலர் அம்மா சொன்னத சட்டம் மாதிரி எடுத்துக்கணும். என் அனுபவம் ரெண்டு வரிதான், ஒரு டிசம்பர் ராத்திரி ஸ்ப்ரின்டர் வேன்ல டீம் உள்ள பேசிக்கிட்டு இருக்கு, இன்னொரு வண்டி ரிவர்ஸ் எடுத்து பீப் பீப்னு ஊரையே எழுப்பிடுச்சு, ஃபோன்ல இருந்தவன் "எதுக்கு வண்டி கொண்டு வர்றீங்க, உள்ள நுழையப் போறீங்களா"ன்னு பதறிட்டான்.

இப்ப யாரும் கேக்காட்டியும் சொல்றேன், வாங்கப் போறவங்க குறிச்சுக்கங்க. டீசல் வண்டிய மணிக்கணக்கா ஐடில்ல விட்டா டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) அடைச்சுக்கும், அப்புறம் ரீஜெனரேஷன், அதாவது அந்தக் கரிய எரிச்சு எடுக்கறது, எப்ப கேக்கும்னா நீங்க பேசிக்கிட்டு இருக்கறப்பதான் கேக்கும், அதனால எஞ்சினை நம்பாதீங்க, லித்தியம் பேட்டரி போடுங்க. ஆனா சேல்ஸ்காரன் "நாள் பூரா ஓடும் சார்"ம்பான், கணக்கு போட்டுப் பாருங்க, 15,000 பிடியு ரூஃப் ஏசி ஒண்ணு இடைவிடாம ஓடினா 10 கிலோவாட் ஹவர் பேட்டரி ஆறு மணி நேரத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னுதான் வரும். ஏசிய பேசற ரூம் தலைக்கு மேல வைக்காதீங்க, கம்ப்ரஸர் கிளம்பறப்ப வர்ற அதிர்வு ஃபோம்ல எல்லாம் அடங்காது. மொத்த எடை 26,000 பவுண்டு தாண்டினா, உங்க மாநிலத்துல போலீஸ் வண்டிக்கு விலக்கு இல்லேன்னா, கமர்ஷியல் லைசென்ஸ் இருக்கறவன தேடணும், ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தேடுவீங்க? ஸ்க்வீக் ஆகற மார்க்கர் வேண்டாம். கதவுல சிவப்பு லைட், கால் போகுதுன்னா எரியணும். டாய்லெட் வைக்கலாமான்னு கேப்பாங்க, ஃப்ளஷ் சத்தத்த நெனச்சுப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

"சும்மா சொல்றேன்" தம்பிக்கு: சின்ன வண்டி தப்பில்ல. ஆனா அதிரடிப் படைத் தலைவனும் அதே ரூம்ல உக்காந்து வாக்கி டாக்கில கத்தறதுக்கு வசதி பண்ணாதீங்க. 1993ல டெக்சாஸ் வேகோல ஒரு மதக் குழுவ எஃப்பிஐ முற்றுகை போட்டு 51 நாள், பேசறவங்க 35 பேர வெளிய கொண்டு வந்தாங்க, அந்தப் பக்கம் ஆளுங்க வெளிய வர்றாங்க, இந்தப் பக்கம் கரன்ட்ட கட் பண்றாங்க. ஒரு கைக்குத் தெரியாம இன்னொரு கை. தடுப்புச் சுவரு சத்தத்துக்கு மட்டும்னு நெனச்சுடாதீங்க.

சும்மா_சொல்றேன்

பெரியவரே, நான் மினி வேன்னு சொன்னதுக்கு இவ்வளவு பெரிய பாடமா. ஃப்ளஷ் பாயின்ட் ஒத்துக்கறேன்.

ஒஹாயோ_ஃபேப்ரிகேட்டர்

லாட்ச் என்னாச்சுன்னு இன்பாக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டீங்க. மேக்னட் கேட்ச் போட்டு, ஓரத்துல ஃபெல்ட் ஒட்டி அனுப்பினோம், எங்க காதுக்கு ஒண்ணும் கேக்கல. நாலு மாசம் கழிச்சு வாரன்டி வேலைக்கு வண்டி திரும்ப வந்துச்சு. கதவு முட்டற எடத்துல ஒரு டென்னிஸ் பந்த பாதியா வெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தாங்க. நான் அத கழட்டல.